சந்தானம் சாரின் ஆங்கிலம்

என் கடைசித் தம்பியின் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறாள். போன விடுமுறைக்கு வந்தவள், கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு தொழிலாளிக்குக் குற்றச்சாட்டு நோட்டீஸ் தயார் செய்துகொண்டிருந்தாள். நான் காபி கலந்து கொண்டுவருவதற்குள் முடித்துவிட்டாள். எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். எல்லாம் உள்ளேயே இருக்கிறதாம். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதுமாம். "நீங்கல்லாம் அப்ப எப்படி எழுதுனீங்க, அத்த?" என்றாள். ஒரு வார்த்தைக்காக அரை நாள் உட்கார்ந்திருந்த மனிதரிடம் நான் வேலை பார்த்தேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஒழுங்காக வருமா என்று தெரியவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

அப்பா விருத்தாசலம் ரயில் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். நான் பள்ளிப் படிப்பு முடித்ததும் கடைவீதியில் ஒரு மாடியில் இருந்த டைப் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். லோயர், ஹையர், சுருக்கெழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன். அறுபதுகளின் கடைசியில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பீங்கான் கம்பெனியில் ஸ்டெனோ வேலை கிடைத்தது. கப், சாசர், ஊறுகாய் ஜாடி செய்கிற கம்பெனி. பெயர் வேண்டாம். பிற்பாடு நான் அரசாங்க அலுவலகத்தில் சேர்ந்து, அங்கேதான் ஓய்வு பெற்றேன். ஆனால் உத்தியோகம் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பீங்கான் கம்பெனிதான்.

ஆபீஸில் பெண் என்று நான் ஒருத்திதான். தொழிலாளர் பிரிவின் அதிகாரி சந்தானம் சாருக்கு ஸ்டெனோவாகப் போட்டார்கள். அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அவர் யாரையும் கை நீட்டிப் பேச மாட்டார். குரல் உயராது. என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. 'மிஸ் எஸ்தர்' என்றுதான் கூப்பிடுவார். நான் போனால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் டிக்டேஷனை ஆரம்பிப்பார். கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலின் பின்பக்கத்தால் மேசையை மெல்லத் தட்டிக்கொண்டு சொல்வார். சரியான சொல் கிடைக்கவில்லை என்றால் பென்சில் நின்றுவிடும். மேசை மேல் இருக்கும் தடித்த அகராதியைப் பிரிப்பார். சொல் கிடைத்ததும் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும் பாருங்கள், நல்ல மாம்பழம் தின்றவர் முகம்தான் அது.

கம்பெனியில் எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு மூலையில் வேலை நின்றிருக்கும். வேலை நின்றால் யாரோ ஒருவன் நிறுத்தியிருக்க வேண்டும் என்பது சந்தானம் சாரின் சித்தாந்தம். அந்த ஒருவனுக்குக் குற்றச்சாட்டு போகும். ஆகவே ஆட்களைக் கிளப்பிவிடுவதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையும் எனக்கு அவரிடம்தான் பாடமானது. 'இன்ஸ்டிகேட்' என்றால் பின்னால் நின்று தள்ளுவது. 'இன்சைட்' என்றால் முன்னால் நின்று கூப்பிடுவது. 'ப்ரவோக்' என்றால் எதிரே நின்று சீண்டுவது. 'அபெட்' என்றால் பக்கத்தில் நின்று கை கொடுப்பது. 'ஃபொமென்ட்' என்றால் மெல்ல மெல்லச் சூடேற்றுவது. அந்தச் சொல்லுக்கு ஒத்தடம் கொடுப்பது என்றும் பொருள் உண்டு என்று ஒருநாள் ரசித்துச் சொன்னார். 'எக்ஸார்ட்' என்று ஒன்று இருக்கிறது, அது உங்கள் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் செய்வது என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆங்கில மூலம் கோப்புக்கு. தமிழ்ப் பிரதி தொழிலாளிக்கு. தமிழ்ப் பிரதியை எழுதுவது என் பொறுப்பு. அவர் அரை நாள் தேடிப் பிடித்த சொல் எதுவாக இருந்தாலும் நான் எழுதுவது ஒன்றுதான்: 'தூண்டினீர்'. ஷெட்டில் ஆட்கள் பேசுவதைக் கேட்டால் உசுப்பி வுட்டான், ஏத்தி வுட்டான், கெளப்பி வுட்டான், முடுக்கி வுட்டான் என்று தமிழிலும் வகைக்கு ஒன்று இருந்தது. அதையெல்லாம் சந்தானம் சாரிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார். கோப்பில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

நடைமுறை தெரியாதவர்களுக்காக அதையும் சொல்கிறேன். முதலில் குற்றச்சாட்டு. தொழிலாளி எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் திருப்தியாக இராது, இருந்து நான் பார்த்ததில்லை. அடுத்தது விசாரணை. அதற்குக் கடலூரிலிருந்து ஒரு வக்கீல் வருவார். கேள்வியும் பதிலும் தமிழில் நடக்கும். பதிலை வக்கீல் ஆங்கிலத்தில் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். பிறகு அதைத் தமிழில் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவேன். கடைசியில் வக்கீலின் முடிவு, இன்னொரு நோட்டீஸ், உத்தரவு. எல்லாம் சட்டப்படி நடக்கும். ஒரு படியைக்கூடத் தாண்ட மாட்டார் சந்தானம் சார்.

எழுபதுகளில் ஒரு கோடைகாலம். சூளையில் முதல் ஆளாக இருந்தவர் கலியபெருமாள். ஸ்ரீமுஷ்ணம் போகிற ரோட்டில் ஒரு கிராமம் அவருக்கு. அவருடைய மனைவி அஞ்சலை சாமான் தரம் பிரிக்கும் ஷெட்டில் வேலை பார்த்தாள். ஒவ்வொரு கப்பையும் விரலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டு விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஆபீஸில் ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்காது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அஞ்சலையிடம் போய்விடுவேன். சூளை வழக்கத்தை எனக்குச் சொன்னது அவள்தான்.

சூளை என்றால் ஒரு வீடு அளவுக்கு இருக்கும். மண்பெட்டிகளில் சாமான்களை வைத்து, பெட்டி மேல் பெட்டியாகக் கூரை வரை அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து அடைத்து நெருப்புப் போடுவார்கள். சுட்டு முடிந்ததும் பல நாள் ஆற விட வேண்டும். பிறகு வாசல் செங்கலைப் பிரித்து ஆட்கள் உள்ளே போய்ப் பெட்டிகளை இறக்குவார்கள். ஆனால் முதலில் எல்லோரும் போவதில்லை. முதல் ஆள் மட்டும் நனைத்த சாக்கைத் தோளில் போர்த்தி, துண்டால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்ச் சற்று நிற்பார். மற்றவர்கள் வெளியே குந்தியிருப்பார்கள். வெளியே வந்து துண்டைத் தலையில் கட்டினால் போகலாம் என்று அர்த்தம். தோளில் போட்டால் இன்னும் சூடு ஆறவில்லை, அப்படியே உட்காருங்கள் என்று அர்த்தம். அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். இவர்களும் கேட்க மாட்டார்கள்.

வாயால் சொன்னால் என்ன என்று நான் அஞ்சலையிடம் கேட்டேன்.

"வாயால சொன்னா வம்புங்க எஸ்தரம்மா. உள்ள போவாதீங்கடான்னு சொன்னா எவனாவது ரோசப்பட்டு, நான் போறேன் பாருன்னு பூந்துடுவான். பழைய முதல் ஆளு காலத்துல அப்படித்தான் ஒருத்தன் வெந்து போனானாம். அதுக்கப்புறம்தான் இந்தத் துண்டு வந்துது."

அந்தக் கோடையில் ஏதோ பெரிய ஆர்டர். சூளை ஆறக் கொடுக்கிற நாட்களைக் குறைத்தார்கள். சூளை சூப்பர்வைசர் தனபால் வாசலைப் பிரிக்கச் சொன்னார். கலியபெருமாள் உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. தனபால் கத்தினார், திட்டினார், கெஞ்சினார். மதியம் வரை யாரும் அசையவில்லை. மதியம் கலியபெருமாளைத் தற்காலிக வேலைநீக்கம் செய்து வெளியே அனுப்பினார்கள். வாசலை மறுபடி அடைத்து, சூளை தானாக ஆறிய பிறகுதான் பெட்டிகளை இறக்க முடிந்தது. அதாவது அவர் துண்டு சொன்னதுதான் நடந்தது.

அன்றைக்கு டிக்டேஷனில் பென்சில் அடிக்கடி நின்றது. ஒரு வார்த்தை பேசாதவனை என்னவென்று சொல்வது? கடைசியில் 'இன்ஸ்டிகேட்' என்று முடிவு செய்தார். மௌனமாக நின்றும் பின்னாலிருந்து தள்ளலாம் என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார்.

விசாரணை கேண்டீனை ஒட்டிய அறையில் நடந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் சூளை ஆட்கள் எல்லோரும் டீக்கடையில் கூடிப் பேசியிருக்கிறார்கள். துண்டு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது, எடுத்தால் அவர்தான் சொன்னார் என்று ஆகிவிடும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவர் பின் ஒருவராக வந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "அவரு ஒண்ணும் சொல்லலீங்க, நாங்களாத்தான் ஒக்காந்தோம்." எழுத்து மாறாமல் ஒப்பித்தார்கள். செல்வராசு என்று ஒருவன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, எதற்கும் மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் நிற்பவன். அவன் மட்டும் இந்த வாக்கியத்தை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சத்தமாகச் சொன்னான். வக்கீல் ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினார். எல்லாம் சொல்லிக்கொடுத்துச் சொல்கிற பதில், இந்த அளவுக்கு இவர்களைக் கட்டிவைத்திருக்கிறான் என்றால் அவன் செல்வாக்கை அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம் என்று எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அந்தப் பைத்தியக்காரர்களை அழைத்து, ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

கடைசியில் கலியபெருமாளைக் கூப்பிட்டார்கள். அவர் வக்கீலுக்கு முன்னால் கை கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் துண்டத் தோள்ல போட்டேங்க. சூடு இருந்தா தோள்ல போடுவோம், ஆறிட்டா தலையில கட்டுவோம். பசங்க எனக்காவப் பொய் சொல்றாங்க. அத மனசுல வச்சிக்காதீங்க."

அப்படியானால் நீ சைகை கொடுத்தாய், அப்படித்தானே என்றார் வக்கீல். கொடுத்தேன் என்றார் அவர். முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்ட சைகையை ஒப்புக்கொள்கிறார் என்று வக்கீல் எனக்குச் சொன்னார். அதைத் தமிழில் நான் படித்துக் காட்டியபோது கலியபெருமாள், ஆமாம், ஏற்பாடுதான், ரொம்ப காலத்து ஏற்பாடு என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். மற்றவர்கள் இல்லை என்று சொன்னதும் குற்றத்துக்கு ஆதாரம் ஆயிற்று. அவர் ஆமாம் என்று சொன்னதும் ஆதாரம் ஆயிற்று. நியாயத்துக்கு இப்படியும் இரண்டு பக்கம் கூர் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வேலையை விட்டு நீக்கும் உத்தரவை டைப் செய்து கொண்டுபோய் வைத்தபோது நான் வாயைத் திறந்தேன். சூளை அன்றைக்குச் சூடாக இருந்ததா இல்லையா என்று விசாரணையில் யாருமே கேட்கவில்லையே என்றேன்.

சந்தானம் சார் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "அது சார்ஜ் இல்லையே, மிஸ் எஸ்தர்" என்றார்.

அஞ்சலை மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். முன்பு மாதிரி என்னோடு பேசவில்லை. நானும் அவளை வற்புறுத்தவில்லை. உத்தரவில் ஓரமாக இருந்தது என் பெயரின் முதலெழுத்து, யார் டைப் செய்தார்கள் என்பதற்காகப் போடுவது. அவள் கணவருக்கு அதைப் படித்துச் சொன்னவர்கள் அதையும் சேர்த்துப் படித்திருப்பார்கள்.

அடுத்த முறை சூளை திறந்தபோது முதல் ஆள் என்று ஒருவர் இல்லை. அந்த இடத்துக்கு வர எவரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொண்டால் அடுத்த குற்றச்சாட்டு அவருக்கு வரும். வாசல் செங்கலைப் பிரித்துவிட்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். துண்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் துண்டு இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை. தனபால் வந்திருக்கிறார். இனி எவன் துண்டைப் பார்த்து உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பிறகு செல்வராசு பக்கம் திரும்பி, "நீயெல்லாம் எதுக்குடா மீசை வச்சிருக்கே? ஆம்பளையா இருந்தா உள்ள போடா" என்றிருக்கிறார்.

செல்வராசு போய்விட்டான். நனைத்த சாக்குகூடப் போர்த்தவில்லை. உள்ளே விழுந்த சத்தம் கேட்டு இரண்டு பேர் ஓடி அவன் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அந்த இரண்டு பேருக்கும் கை வெந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் முடியாது என்று கடலூருக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே செல்வராசு இறந்துபோனான். சூளை ஆட்கள் மொத்தமும் ஆபீஸ் வராந்தாவில் வந்து உட்கார்ந்து இதைச் சொன்னார்கள். இந்த முறை ஒப்பிக்கவில்லை. ஆளுக்கு ஒரு மாதிரிதான் சொன்னார்கள், ஒருவன் பேச ஆரம்பித்து அழுதான். தனபால் சொன்ன சொல்லை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

விபத்து அறிக்கைக்குச் சந்தானம் சார் என்னைக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். கண்ணை மூடினார். நான் காத்திருந்தேன். எதிரே நின்று சீண்டியதற்கு அவரிடம் சொல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லித்தான் தெரியும். ஆனால் அன்றைக்குப் பென்சில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, அகராதியை அவர் தொடவும் இல்லை. மேற்படி தொழிலாளி எவருடைய உத்தரவும் இன்றித் தானாகவே சூளைக்குள் சென்றார் என்று கடகடவென்று சொல்லி முடித்துவிட்டார்.  தனபால் சார் பேசியதற்கு என்ன சொல் சார் போடுவது என்று கேட்டேன். டைப் செய்து கொண்டுவாருங்கள் என்றார்.

மறுவாரம் செல்வராசுவின் மனைவி வள்ளியை அழைத்துவந்தார்கள். 'அறிக்கையைப் படித்துக் காட்டக் கேட்டேன், சரி' என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். அறையில் சந்தானம் சார், தனபால், வள்ளி, அவளுடைய மாமனார், நான். படித்துக் காட்டுவது என் வேலை. படித்தேன். 'தானாகவே' என்ற இடம் வந்தது. வள்ளி அதுவரை தலை நிமிராதவள், என்னைப் பார்த்தாள்.

"தானா போனாருன்னா எழுதியிருக்குது? எங்க வூட்ல தண்ணி மொள்ளக்கூட அவரு தானா போவ மாட்டாருங்க. நாலு தடவ சொல்லணும். யாருங்க போவச் சொன்னாங்க?"

மேலே படியுங்கள் மிஸ் எஸ்தர் என்றார் சந்தானம் சார். நான் தாளை மேசையில் வைத்துவிட்டேன். எனக்கு வேலை போகும் என்று நன்றாகத் தெரியும். அப்பா அப்போது ரிட்டயர் ஆகிவிட்டார், வீட்டில் தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தப் பெண் என்னைத்தான் கேட்டாள்.

"இதோ நிக்கிறாரே, தனபால் சார். ஆம்பளையா இருந்தா உள்ள போன்னு அவருதான் சொன்னாரு" என்றேன்.

வள்ளி திரும்பினாள். தனபாலை ஏற இறங்கப் பார்த்தாள். கையெழுத்துக்காகக் கொடுத்திருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். போய் என்ன ஆயிற்று என்றால் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் அவளுடைய மாமனாரைத் தனியாக அழைத்து அதே தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். சூளை ஆட்கள் வேலைக்கு வர மறுத்தார்கள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து, சுரங்கத்துக்கு நிலம் போனவர்கள் என்று சொன்னார்கள், லாரியில் வேறு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்குச் சூளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கலியபெருமாளைத் திரும்ப எடுக்கவில்லை. தனபால் அங்கேயே இருந்தார்.

சந்தானம் சார் இரண்டு நாள் என்னை டிக்டேஷனுக்குக் கூப்பிடவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் டைப் மெஷினை ஒற்றை விரலில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, உறையை நீட்டினார். எனக்குக் குற்றச்சாட்டு. இறந்த தொழிலாளியின் மனைவியை நிர்வாகத்துக்கு எதிராக நான் 'இன்சைட்' செய்தேனாம். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாரோ தெரியாது. ஒரு பிழை இல்லாமல் அடித்திருந்தார்.

படித்துவிட்டுத் தமிழ்ப் பிரதி எங்கே என்று கேட்டேன். சட்டப்படி தொழிலாளிக்கு அது கொடுத்தாக வேண்டும். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். அதை எழுதுகிற ஆள் நீங்கள்தானே மிஸ் எஸ்தர், நீங்களே எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நடைமுறையில் ஒரு படி விடுபடக் கூடாது என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

என் இடத்துக்குப் போய்த் தமிழ் மெஷினில் தாளைச் செருகினேன். மேலே என் பெயர், பதவி, தேதி. கீழே, இறந்த செல்வராசுவின் மனைவி வள்ளி, தன் கணவரை உள்ளே போகச் சொன்னது யார் என்று கேட்டதற்கு நீர் பதில் சொன்னீர் என்று அடித்தேன். கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

சந்தானம் சார் இரண்டு தடவை படித்தார். பென்சிலைக் கையில் எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இப்படி எழுதினா இதுல குத்தமே இல்லையே, மிஸ் எஸ்தர்" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன்.

அந்தத் தாள் கோப்பில் ஏறவில்லை. அந்த மாதக் கடைசியில் என்னை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு வந்தது. ஆங்கிலத்தில் மட்டும்தான் கொடுத்தார்.